சான்றிதழில் இல்லாத பெயர்கள்

உரைநடை

நுழையும்முன்

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் ஒரு சான்றிதழ் கைக்கு வருகிறது. அதில் படித்தவரின் பெயரும், படித்த பாடமும், தேர்ச்சி பெற்ற ஆண்டும் இருக்கும். படிப்பதற்குப் பணம் கொடுத்தவர் யார், கண்டித்துத் திருத்தியவர் யார், ஒரே அறையில் உண்டு உறங்கிய நண்பர்கள் யார் என்பன அதில் இரா. அவற்றைப் படித்தவரே திரும்பிப் பார்த்துச் சொன்னால்தான் நாம் அறிய முடியும். அவ்வாறு தம் கல்லூரி நாள்களைத் திரும்பிப் பார்த்த ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

இரண்டு காலங்கள்

மாணவர்களே! ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதுவது தன்வரலாறு எனப்படும். தன்வரலாற்றில் இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று, நிகழ்ச்சி நடந்த காலம். மற்றொன்று, அந்நிகழ்ச்சியை நினைத்து எழுதும் காலம். நடந்தபோது துன்பமாக இருந்த ஒன்று, எழுதும்போது நன்மையாகத் தோன்றலாம். நடந்தபோது சிறியதாக இருந்த ஒன்று, பின்னாளில் பெரியதாகத் தோன்றலாம். இவ்வேறுபாட்டை உணர்ந்து படித்தால் தன்வரலாற்றின் சுவை விளங்கும்.

ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தார். இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநராக இருந்து, 1980இல் அதனை வெற்றிபெறச் செய்தார். 1997இல் பாரத ரத்னா விருது பெற்றார். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக விளங்கினார். அவர் அருண் திவாரியுடன் சேர்ந்து எழுதிய தன்வரலாறு 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழில் அது ‘அக்னிச் சிறகுகள்’ என்னும் பெயர் பெற்றது.

அந்நூல் வெளிவந்தபோது, கலாம் கல்லூரியை விட்டு வந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏவுகலங்களையும் ஏவுகணைகளையும் உருவாக்கிய பின்னரே அவர் தம் கல்லூரி நாள்களை எழுத அமர்ந்தார். அப்பகுதியில் தாம் வாங்கிய மதிப்பெண்களை அவர் அடுக்கவில்லை. தமக்கு உதவியவர்களையும், தம்மைக் கண்டித்தவர்களையும், தம்மை அருகில் அழைத்து அமரச் செய்தவரையுமே பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்.

திருச்சி விடுதியில்

இராமநாதபுரத்தில் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்த கலாம், 1950இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். அது பழைமையான கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்டு, 1883இல் திருச்சிக்கு மாறியது. அங்கு இடைநிலை வகுப்பும் இளம் அறிவியல் வகுப்புமாக நான்கு ஆண்டுகள் அவர் பயின்றார்.

விடுதியில் அவருடன் ஒரே அறையில் தங்கியவர்கள் இருவர். ஒருவர் திருவரங்கத்தைச் சேர்ந்த வைதிக ஐயங்கார் குடும்பத்து மாணவர். மற்றொருவர் கேரளத்தைச் சேர்ந்த சிரியன் கிறித்தவர். இராமேசுவரத்து இசுலாமிய இளைஞரான கலாமோடு சேர்த்து மூவர். வீட்டில் வெவ்வேறு முறையில் வழிபட்டு, வெவ்வேறு உணவு உண்டு வளர்ந்தவர்கள், திருச்சியில் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டனர். அந்நாள்களை மகிழ்ச்சியான நாள்களாகவே கலாம் பிற்காலத்தில் நினைத்தார். மூன்றாம் ஆண்டில் அவர் விடுதியின் சைவ உணவுக்கூடத்துக்குச் செயலாளர் ஆனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியின் தலைவராகிய பாதிரியாரை மாணவர்கள் தங்கள் உணவுக்கூடத்துக்கு விருந்துக்கு அழைத்தனர். தத்தம் ஊர் உணவுகளிலிருந்து நல்லனவற்றைத் தேர்ந்து சமைக்கச் செய்து பரிமாறினர்.

தமிழ்நாட்டுக்கு வெளியே படிக்கும் உங்கள் வகுப்பறையையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் அமர்பவர் வேறு மொழி பேசலாம். வேறு உணவு கொண்டு வரலாம். கலாம் திருச்சி விடுதியில் பெற்ற பழக்கம் உங்களுக்கு இப்போதே வாய்த்திருக்கிறது.

இக்காலத்தைப் பற்றி மற்றொன்றையும் கலாம் மறைக்காமல் எழுதியுள்ளார். 1954இல் இயற்பியலில் பட்டம் பெற்ற பிறகுதான், தாம் நாடுவது அத்துறையை அன்று என்பதை அவர் உணர்ந்தார். தம் கனவை அடையப் பொறியியல் படித்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இடைநிலை வகுப்பை முடித்ததும் பொறியியலில் சேர்ந்திருக்கலாம். அப்படியொரு வழி இருப்பதை அந்த வயதில் அவர் அறியவில்லை.

அடகு வைத்த வளையல்கள்

சென்னைக்கு அருகில் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்று அழைக்கப்படும் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் இருந்தது. தொழிலதிபர் சி. இராஜம் தம் பொருளைக் கொடுத்து 1949இல் அதனைத் தொடங்கினார். இயற்பியல் பட்டம் பெற்ற கலாம் அங்கே சேர விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது. ஆனால், சேருவதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டும். அவருடைய தந்தை ஜைனுலாப்தீனிடம் அவ்வளவு பணம் இல்லை.

அப்போது உதவ முன்வந்தவர் அவருடைய அக்காள் ஜோஹரா. தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பிக்குப் பணம் கொடுத்தார்.

1,000 ரூபாய் என்பது அன்று எவ்வளவு பெரிய தொகை? 1958இல் கலாம் பொறியாளராக முதல் வேலையில் சேர்ந்தபோது பெற்ற அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். ஆகவே, கல்லூரியில் சேரத் தேவைப்பட்ட தொகை, படித்து முடித்த ஒரு பொறியாளரின் நான்கு மாத அடிப்படைச் சம்பளத்துக்குச் சமம். மேலும், வளையலும் சங்கிலியும் பெண்களுக்கு அணிகலன்கள் மட்டும் அல்ல. குடும்பத்துக்குத் துன்பம் வரும் நாளில் கைகொடுக்கும் சேமிப்பும் அவையே. அந்தச் சேமிப்பையே அக்காள் தம்பியின் படிப்புக்காகக் கொடுத்தார்.

அவ்வளையல்களைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பது என்று கலாம் உறுதி பூண்டார். மாணவராக இருப்பவர் எப்படிச் சம்பாதிப்பது? நன்றாகப் படித்து உதவித்தொகை பெறுவது ஒன்றே அப்போது அவருக்கு இருந்த வழி. அதனால் அவர் ஊன்றிப் படித்தார்.

இரண்டு பழைய விமானங்கள்

பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு விமானங்கள் எம்.ஐ.டி. வளாகத்தில் நிறுத்தப்பட்டிருந்தன. விமானத்தின் உறுப்புகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை மாணவர்களுக்குக் காட்டவே அவை வைக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் கலாம் அவற்றின் அருகில் நெடுநேரம் அமர்ந்திருப்பார். முதல் ஆண்டு முடிந்து சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் வந்தபோது, வானூர்திப் பொறியியலை அவர் தயக்கமின்றித் தேர்ந்தார்.

அங்கே மூன்று பேராசிரியர்கள் அவருடைய சிந்தனையை வடித்தனர். ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த ஸ்பாண்டர் காற்றியக்கவியலின் பயன்முறையைக் கற்பித்தார். கே.ஏ.வி. பண்டலை விமானக் கட்டமைப்பை வடிவமைக்கும் முறையைக் கற்பித்தார். கணித அறிஞரான நரசிங்கராவ் காற்றியக்கவியலின் கோட்பாடுகளைக் கற்பித்தார். வானூர்திப் பொறியியலைத் தேர்வதற்கு முன் கலாம் ஸ்பாண்டரிடம் ஆலோசனை கேட்டார். வேலைவாய்ப்பு எப்படி அமையும் என்று கவலைப்படாமல், அடித்தளத்தை வலுவாக அமைத்துக்கொள்ளுமாறும், தேர்ந்த துறையில் ஆர்வத்தோடு ஈடுபடுமாறும் அவர் அறிவுரை கூறினார்.

மூன்று நாள் தவணை

வகுப்புகள் முடிந்ததும், தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி கலாமுக்கும் உடன் பயின்ற நால்வருக்கும் தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. நிறுவனத்தின் இயக்குநரும் வடிவமைப்புப் பேராசிரியருமான சீனிவாசன் ஒரு நாள் பணியைப் பார்வையிட்டார். அதன் நிலை அவருக்குச் சிறிதும் மனநிறைவு தரவில்லை.

கலாம் காரணங்களைக் கூறினார், அவர் ஏற்கவில்லை. ஒரு மாதம் கூடுதல் காலம் வேண்டினார். அதற்கும் அவர் இணங்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். மூன்று நாள் தருவதாகவும், திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வந்து சேராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் அவர் கூறிவிட்டார்.

அந்த உதவித்தொகை போனால் படிப்பே நின்றுவிடும். அக்காளின் வளையல்களை மீட்கும் வழியும் அடைபடும். கலாம் அன்று இரவு உணவு உண்ணவில்லை. வரைபலகையை விட்டு எழவும் இல்லை. மறுநாளும் பணி தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைபடம் முடிவடையும் நிலையில், அறையில் யாரோ நிற்பதை உணர்ந்து திரும்பினார். டென்னிஸ் விளையாடிவிட்டு அதே உடையில் வந்த சீனிவாசன், சற்றுத் தொலைவில் நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வந்து வரைபடத்தைப் பார்த்தார். கலாமின் முதுகில் தட்டிப் பாராட்டினார். முடியாத ஒரு தவணையைக் கொடுத்து நெருக்கியதாகத் தாம் அறிந்திருந்ததையும், இவ்வளவு நன்றாகச் செய்து முடிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

தன்வரலாற்றின் இரண்டு காலங்களும் இங்கே நன்கு புலப்படுகின்றன. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அது அச்சம். பல ஆண்டுகளுக்குப் பின் அது பாடம். ஆசிரியரின் கண்டிப்பு எல்லாம் நன்மையாகவே முடியும் என்பது இதன் பொருள் அன்று. சீனிவாசன் தவணை கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. விடுமுறை நாளிலும் மாணவரைத் தேடி வந்து பார்த்தார். அந்த அக்கறைதான் அக்கண்டிப்பை மறக்க முடியாத உதவியாக மாற்றியது.

தமிழில் ஒரு விமானக் கட்டுரை

எம்.ஐ.டி.யில் தமிழ்ச் சங்கம் ஒன்று இருந்தது. அச்சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலாம் கலந்துகொண்டார். நம் விமானத்தை நாமே உருவாக்க வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். காற்றியக்கவியலையும் விமானக் கட்டமைப்பையும் அவர் ஆங்கிலத்தில் கற்றார்; ஆனால், அக்கல்வியால் மனத்தில் எழுந்த கனவைத் தமிழில் எழுதினார். கட்டுரைக்கு முதற்பரிசு கிடைத்தது. அப்பரிசை வழங்கியவர், ஆனந்த விகடன் இதழின் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் தேவன். துப்பறியும் சாம்பு என்னும் புகழ்பெற்ற கதைமாந்தரைப் படைத்தவர் அவரே.

வீட்டில் பேசவும், ஊருக்குச் சென்றால் தாத்தா பாட்டியோடு உரையாடவும் மட்டுமே தமிழ் பயன்படும் என்று சிலர் எண்ணுவர். விமானம் வடிவமைக்கப் பயின்ற மாணவர் ஒருவர், விமானத்தைப் பற்றியே தமிழில் எழுதிப் பரிசு பெற்றார் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் வரிசையிலிருந்து முன்வரிசைக்கு

படிப்பு முடியும் நாளில் பிரிவு உபசார விழா நடைபெற்றது. குழுவாகப் புகைப்படம் எடுத்துக்கொள்ள அனைவரும் கூடினர். பேராசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். அவர்களுக்குப் பின்னால் மாணவர்கள் மூன்று வரிசைகளாக நின்றனர். கலாம் மூன்றாம் வரிசையில் நின்றார்.

திடீரென்று ஸ்பாண்டர் எழுந்து கலாமைத் தேடினார். பின்வரிசையில் நின்றவரை அழைத்து, முன்வரிசையில் தம்முடன் அமருமாறு கூறினார். கலாமுக்கு வியப்பு. தம் சிறந்த மாணவர் என்று அவரைப் பாராட்டிய ஸ்பாண்டர், அவருடைய உழைப்பு பிற்காலத்தில் ஆசிரியர்களுக்குப் பெருமை தேடித் தரும் என்றும் கூறினார். கூச்சத்தோடும் மகிழ்ச்சியோடும் கலாம் அவர் அருகில் அமர்ந்தார்.

இச்செயலுக்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஆகியிராது. செலவு ஏதும் இல்லை. ஆயினும், 40 ஆண்டுகளுக்குப் பின்னும் தாம் நின்ற வரிசை எது என்பது கலாமின் நினைவில் இருந்தது.

படிப்புக்குப் பின்

எம்.ஐ.டி.யிலிருந்து பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்காகச் சென்றார் கலாம். பின்னர் இரண்டு வேலைகளுக்கு விண்ணப்பித்தார். ஒன்று, விமானப் படையில். மற்றொன்று, பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப மேம்பாட்டு இயக்ககத்தில். இரண்டிலிருந்தும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தென்கோடியில் பிறந்த இளைஞர் வடக்கு நோக்கி நெடும்பயணம் மேற்கொண்டார். வேலை தேடி வடக்கே வந்த உங்கள் பெற்றோர் பலரும் பயணம் செய்த வழிதான் அது.

தில்லியில் ஒரு தேர்வு முடிந்தது. விமானப் படைக்கான தேர்வு டேராடூனில் நடைபெற்றது. 25 பேர் கலந்துகொண்டதில் கலாம் ஒன்பதாம் இடம் பெற்றார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோ எட்டுப் பேர் மட்டுமே! விமானி ஆகும் கனவு ஓர் இடத்தில் தவறியது. மனம் தளர்ந்த அவர் ரிஷிகேசம் சென்று, சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றார். பிறகு தில்லிக்குத் திரும்பி, மற்ற வேலையை ஏற்றுக்கொண்டார். அதுவே அறிவியல் பணியில் அவருடைய தொடக்கம்.

நல்ல கல்லூரியில் படித்தவருக்கும், நல்ல ஆசிரியரின் பாராட்டைப் பெற்றவருக்கும் முதல் முயற்சியிலேயே நினைத்தது கிடைத்துவிடும் என்பதற்கில்லை. கல்லூரி தருவது அந்த உறுதியை அன்று. தவறிய பிறகும் மீண்டும் வேலையில் ஈடுபடும் பழக்கத்தை அது தரக்கூடும். மூன்று நாள் தவணையில் வரைபலகையின்முன் அமர்ந்தவருக்கு அப்பழக்கம் இருந்தது.

திருப்பிக் கொடுத்தல்

எம்.ஐ.டி. 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பு ஆயிற்று. குடியரசுத் தலைவர் ஆவதற்கு முன்பு, 2001இல், கலாம் அதே அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியேற்றார். குடியரசுத் தலைவர் பதவிக்குப் பின்னரும் நாடெங்கும் மாணவர்களைத் தேடிச் சென்று பேசினார். 2015ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள், ஷில்லாங்கில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் மாணவர்களிடையே உரையாற்றும்போதே மயங்கி விழுந்து உயிர் நீத்தார்.

சில உதவிகளைக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கலாம். வளையலை மீட்டு அக்காளிடம் தரலாம். ஆனால், ஸ்பாண்டர் தந்த இருக்கையை ஸ்பாண்டருக்கே எப்படித் திருப்பித் தருவது? பின்வரிசையில் நிற்கும் வேறொரு மாணவரை முன்னே அழைப்பதுதான் வழி. கலாம் தம் பிற்காலத்தை அதற்கே செலவிட்டார்.

உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் கல்லூரிக்குச் செல்வீர்கள். ஒரு நாள் நீங்களும் சான்றிதழைக் கையில் ஏந்துவீர்கள். அன்று அதில் இல்லாத பெயர்களை நினைத்துப் பாருங்கள். அப்பெயர்களை இப்போதே ஓர் ஏட்டில் எழுதத் தொடங்குவது மேலும் நல்லது.

சொல்லும் பொருளும்

தன்வரலாறு – ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதும் நூல்
நினைவுகூர்தல் – முன்பு நடந்ததை மனத்தில் கொண்டு வருதல்
அடகு – பொருளை ஈடாக வைத்துக் கடன் பெறுதல்
மீட்டல் – அடகு வைத்த பொருளைப் பணம் செலுத்தித் திரும்பப் பெறுதல்
தவணை – ஒரு செயலை முடிக்கக் குறித்த கால எல்லை
வரைபலகை – படம் வரையத் தாளைப் பொருத்தும் பலகை
காற்றியக்கவியல் – பொருள்களின்மீது காற்று இயங்கும் முறையைக் கூறும் அறிவியல்
பிரிவு உபசாரம் – விடைபெறுவோருக்குச் செய்யும் சிறப்பு
தென்கோடி – தெற்கின் கடைசி எல்லை

தெரிந்து தெளிவோம்

பல்கலைக்கழகம் என்னும் சொல்லைப் பல் + கலை + கழகம் எனப் பிரிக்கலாம். பல கலைகளையும் கற்பிக்கும் அவை என்பது அதன் பொருள். கழகம் என்னும் சொல் அறிஞர் கூடும் அவையைக் குறிக்கும்.

கற்கண்டு: தன்வினையும் பிறவினையும்

கீழ்க்காணும் தொடர்களைப் படியுங்கள்.

கலாம் கல்லூரியில் சேர்ந்தார்.
அக்காள் கலாமைக் கல்லூரியில் சேர்த்தார்.

முதல் தொடரில் எழுவாயாகிய கலாம் தாமே செயலைச் செய்கிறார். இவ்வாறு எழுவாய் தானே செய்யும் செயலைக் குறிப்பது தன்வினை. இரண்டாம் தொடரில் எழுவாயாகிய அக்காள், பிறரை அச்செயலைச் செய்ய வைக்கிறார். இவ்வாறு எழுவாய் பிறரைச் செய்ய வைப்பதைக் குறிப்பது பிறவினை.

தன்வினையைப் பிறவினையாக மாற்றும் முறைகளுள் சில:

மெல்லின எழுத்து வல்லினமாக மாறும்: சேர்ந்தார் – சேர்த்தார், திருந்தினார் – திருத்தினார்.
வேர்ச்சொல்லோடு ‘பி’ அல்லது ‘வி’ சேரும்: கற்றார் – கற்பித்தார், செய்தார் – செய்வித்தார்.
‘வை’ என்னும் துணைவினை சேரும்: படித்தார் – படிக்க வைத்தார், எழுதினார் – எழுத வைத்தார்.

நினைவில் கொள்க: பாடத்தில் ‘கலாம் படித்தார்’ என்று வரும் இடங்களில் எல்லாம், அவரைப் ‘படிக்க வைத்தவர்’ யார் என்று கேட்டுப் பாருங்கள். இலக்கணமும் பாடத்தின் கருத்தும் ஒருங்கே விளங்கும்.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஸ்பாண்டர் ______ நாட்டைச் சேர்ந்தவர்.
(ஜெர்மனி / ஆஸ்திரியா / பிரான்சு)

2. விமானப் படைத் தேர்வில் கலாம் பெற்ற இடம் ______.
(மூன்றாம் இடம் / எட்டாம் இடம் / ஒன்பதாம் இடம்)

3. கட்டுரைப் போட்டியின் முதற்பரிசைக் கலாமுக்கு வழங்கியவர் ______.
(தேவன் / பண்டலை / சி. இராஜம்)

4. ‘உயர்ந்தார்’ என்பதன் பிறவினை ______.
(உயர்வார் / உயர்த்தினார் / உயர்கிறார்)

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. கலாம் இயற்பியலில் பட்டம் பெற்ற ஆண்டு ______.
2. ஜோஹரா அடகு வைத்தவை ______, ______.
3. சீனிவாசன் கொடுத்த தவணை ______ நாள்.
4. தூய வளனார் கல்லூரி முதலில் தொடங்கப்பட்ட ஊர் ______.

இ. பிறவினையாக மாற்றி எழுதுக.

1. மாணவர் முன்வரிசையில் அமர்ந்தார். (ஸ்பாண்டர் என்னும் எழுவாயைக் கொண்டு எழுதுக.)
2. தம்பி தமிழ் கற்றான். (அம்மா என்னும் எழுவாயைக் கொண்டு எழுதுக.)
3. நான் கட்டுரை எழுதினேன். (ஆசிரியர் என்னும் எழுவாயைக் கொண்டு எழுதுக.)

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தன்வரலாற்றில் உள்ள இரண்டு காலங்கள் யாவை?
2. கலாமுக்கு உதவித்தொகை ஏன் இன்றியமையாததாக இருந்தது?
3. எம்.ஐ.டி. வளாகத்தில் பழைய விமானங்கள் ஏன் வைக்கப்பட்டிருந்தன?

உ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. திருச்சி விடுதி வாழ்க்கை கலாமுக்கு எவ்வாறு அமைந்தது?
2. மூன்று நாள் தவணை கலாமுக்கு நடந்தபோது எவ்வாறு தோன்றியது? பின்னாளில் எவ்வாறு தோன்றியது?
3. ஸ்பாண்டர் செய்த சிறு செயல் கலாமின் நினைவில் நிலைத்தது ஏன்? உங்கள் கருத்தை எழுதுக.

ஊ. சிந்தித்து விடை எழுதுக.

விமானப் படைத் தேர்வில் கலாம் எட்டாம் இடம் பெற்றிருந்தால் அவர் வாழ்க்கை எவ்வாறு அமைந்திருக்கக்கூடும்? நினைத்தது கிடைக்காதபோது என்ன செய்யலாம்?

செயல்பாடு: வீட்டில் ஒரு நேர்காணல்

உங்கள் வீட்டில் கல்லூரியில் படித்த ஒருவரைத் தமிழிலேயே நேர்காணல் செய்க. அவர் அம்மா, அப்பா, சித்தப்பா, அத்தை, அண்ணன், அக்காள் என யாராகவும் இருக்கலாம். ஊரில் உள்ள தாத்தாவையோ பாட்டியையோ தொலைபேசியிலும் கேட்கலாம். கல்லூரியில் படிக்காதவர்கள், மற்றவரைப் படிக்க வைத்தவர்களாக இருக்கலாம். அவர்களையும் தவறாமல் கேளுங்கள்.

கேட்க வேண்டிய வினாக்கள்:

1. நீங்கள் படித்த கல்லூரி எந்த ஊரில் இருந்தது? அங்கு எப்படிச் சென்று வந்தீர்கள்?
2. உங்கள் படிப்புக்குப் பணம் கொடுத்தவர் யார்? அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார்?
3. உங்களைக் கண்டித்த ஆசிரியர் யார்? இப்போது அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?
4. உங்கள் கல்லூரி நண்பர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்.
5. படிப்பு முடிந்ததும் எந்த ஊருக்கு வேலைக்குச் சென்றீர்கள்? முதல் நாள் எப்படி இருந்தது?
6. நீங்கள் பெற்ற உதவியை யாருக்கு, எவ்வாறு திருப்பிக் கொடுத்தீர்கள்?

விடைகளைக் குறித்துக்கொண்டு, ‘சான்றிதழில் இல்லாத பெயர்கள்’ என்னும் தலைப்பில் 15 தொடர்களில் கட்டுரை எழுதுக. எழுதிய கட்டுரையை, நேர்காணல் தந்தவரிடமே முதலில் வாய்விட்டுப் படித்துக் காட்டுக. பிறகு வகுப்பில் படிக்கலாம்.